மல்லாட்டைக் கொல்லையில் புழு: முதலில் அது எந்தப் புழு?



இந்த மாதப் பாடம் சேமிப்பு பற்றியோ பதிவேடு பற்றியோ இல்லை. புழுவைப் பற்றியது. "புழுவுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் நம் தெள்ளார் வட்டாரக் குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டினால் 'மல்லாட்டைச் செலவுக்கு' என்று எழுதி வாங்கிய உள்கடன்கள் வரிசையாக வரும். அந்தக் கடனில் ஒரு பங்கு நேராக மருந்துக் கடைக்குப் போகிறது. கடைக்காரர் "என்ன புழும்மா?" என்று கேட்டால் நாம் சொல்கிற பதில் "இலையைத் தின்னுற புழு" என்பதுதான். எல்லாப் புழுவும் இலையைத்தானே தின்னும்! அவர் கையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறார். நாமும் அடிக்கிறோம். புழு சாகாவிட்டால் மறுபடி கடன், மறுபடி மருந்து.

புழுவுக்குப் பெயர் இருக்கிறது, அதற்குத் தாய் இருக்கிறது, தாயைப் பிடிக்க ஒரு நாள் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பட்டுப்புழுவிலிருந்து தொடங்குவோம்

வந்தவாசி தாண்டி ஆரணிப் பக்கம் போனால் தறிச் சத்தம் கேட்கும். நம் உறுப்பினர்கள் சிலருக்கு அங்கே பெண் எடுத்த உறவு, கொடுத்த உறவு எல்லாம் உண்டு. தறியில் ஓடுகிற அந்தப் பட்டு நூல் ஒரு புழு கக்கியதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் புழுவின் தாய் யார் என்று கூட்டத்தில் கேட்டோம். பாதிப் பேர் "பட்டாம்பூச்சி" என்றார்கள். பெயரில் பட்டு இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் பட்டுப்புழுவின் தாய் பட்டாம்பூச்சி இல்லை, அந்துப்பூச்சி. விளக்கைச் சுற்றி வரும்போது நாம் விட்டில்பூச்சி என்று சொல்கிறோமே, அந்த இனம்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் இல்லை. பட்டாம்பூச்சி பகலில் பறக்கும். உட்காரும்போது பெரும்பாலும் இரண்டு சிறகையும் முதுகுக்கு மேலே கைகூப்பின மாதிரி சேர்த்து வைக்கும். அதன் மீசை நுனியில் தீக்குச்சித் தலை போல ஒரு குமிழ் இருக்கும். அந்துப்பூச்சி பெரும்பாலும் இரவில் வரும். சிறகைக் கூரை போலத் தாழ்த்தியோ, பரப்பி வைத்தோ உட்காரும். மீசை நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருக்கும், நுனியில் குமிழ் இருக்காது.

பட்டு அந்து வெள்ளையாக, உடம்பு கனத்து இருக்கும். ஆயிரக்கணக்கான வருஷம் மனுஷன் வளர்த்து வளர்த்து அதற்குப் பறக்கவே மறந்துவிட்டது. அது முட்டை வைக்கும். முட்டை பொரிந்து புழு வரும். புழு மல்பெரி இலையைத் தின்று, நாலு தடவை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாளில் கூடு கட்டும். கூட்டுக்குள்ளே கூட்டுப்புழுவாகக் கிடக்கும். விட்டுவிட்டால் அதிலிருந்து மறுபடி அந்து வெளியே வரும். அது கூட்டை ஓட்டை போட்டு வெளியே வந்தால் நூல் அறுந்துபோகும். அதனால்தான் அதற்கு முன்னாலேயே கூட்டைச் சூட்டில் வைத்து, வெந்நீரில் போட்டு நூல் எடுக்கிறார்கள். நல்ல கூடாக இருந்தால் ஒரே இழை ஒரு கிலோமீட்டர் வரைக்கும் வரும்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து. இந்த நாலு பருவத்தை மனதில் வையுங்கள். இலையைத் தின்பது புழுப் பருவம் ஒன்றுதான். கூட்டுப்புழு எதையும் தின்னாது, அந்துவும் இலையைக் கடிக்காது. ஆனால் நாம் செலவு செய்வதும் அந்த ஒரு பருவத்தில் மட்டும்தான், அதுவும் புழு பெருத்த பிறகு. மற்ற மூன்று பருவத்தில் அது நம் காலடியிலேயே கிடக்கிறது, கண்டுகொள்வதில்லை.

சிவப்புக் கம்பளிப்பூச்சி

மானாவாரி மல்லாட்டைக்குப் பெரிய எதிரி இதுதான். இலையை மொட்டையடித்து, ஒரு கொல்லையை முடித்துவிட்டு, பக்கத்துக் கொல்லைக்குப் படை மாதிரி ஊர்ந்து போகும். வளர்ந்த புழு செம்பழுப்பு நிறம், உடம்பு முழுக்க நீள நீளமாக மயிர், முன்பக்கமும் பின்பக்கமும் கருப்பாக இருக்கும். இந்த நிலையில் அதைப் பார்க்காதவர் நம் ஊரில் யாரும் இல்லை. ஆனால் தாயைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

தாய் அந்து வெள்ளை நிறம். முன் சிறகில் பழுப்புக் கீற்றுகள் ஓடும். முன் சிறகின் மேல் ஓரத்தில், சேலைக்கு மெல்லிசாகக் கரை போட்ட மாதிரி, மஞ்சள் கோடு ஒன்று போகும். தலைப்பக்கமும் மஞ்சள் தெரியும். பின் சிறகு வெள்ளை, அதில் கருப்புப் புள்ளிகள். சில அந்துகளில் மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு இருக்கும். அது இதற்குத் தங்கச்சி முறை, செய்கிற வேலை ஒன்றுதான்.

இது எப்போது வரும்? இதுதான் பாடத்தில் முக்கியமான இடம், குறித்துக்கொள்ளுங்கள். கம்பளிப்பூச்சிக்கு வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். போன வருஷத்துப் புழுக்கள் தின்று முடித்து, வரப்போரத்திலும் மரத்தடி நிழலிலும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாகப் பத்து மாதம் போலத் தூங்குகின்றன. பட்டத்து மழை நன்றாக இறங்கி மண் நனைந்த பிறகு, கூட்டங்கூட்டமாக அந்து வெளியே வருகிறது. அதாவது நாம் விதைக்கக் காத்திருக்கிற அதே மழைக்குத்தான் அதுவும் காத்திருக்கிறது.

வந்த அந்து ஜோடி சேர்ந்து இலைக்கு அடியில் முட்டை வைக்கும். ஒரு தாய் 600, 700 முட்டை வரைக்கும் வைக்கும், குவியல் குவியலாக. இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப் புழுக்கள் முதலில் ஒரே செடியில் ஒட்டிக் கூட்டமாக இருந்து, இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்னும். அந்த இலை பச்சை போய், எண்ணெய்க் காகிதம் மாதிரி வெளுத்து, எதிர்ப்பக்கம் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தாலே கண்ணுக்குப் படும். பிறகு புழு பிரிந்து போய், மயிர் வளர்ந்து, ஒரு மாதத்துக்கு மேல் தின்னும். பெருத்த கம்பளிப்பூச்சிக்கு எந்த மருந்தும் லேசில் பிடிக்காது. ஆனால் அந்த நேரத்தில்தான் கடன் வாங்கி மருந்து அடிக்கிறோம்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழை பெய்த அடுத்த சில நாட்கள், இரவு 7 மணியிலிருந்து 11 மணிக்குள், கொல்லை ஓரத்தில் சருகு, பனை ஓலை, பழைய முள் போட்டு நெருப்பு மூட்டுகிறோம். வெளிச்சத்துக்கு அந்து வந்து விழும். அதில் 50 பெண் அந்து இருந்தால், ஒன்றுக்கு 600 முட்டை என்றாலும் 30,000 புழு பிறக்காமலேயே போகிறது. இதற்குச் செலவு ஒரு தீப்பெட்டி. நெருப்பு மூட்ட வசதி இல்லாத இடத்தில் விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, கீழே அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு வைத்தாலும் போதும். அறுவடை முடிந்த காய்ந்த தாள், வைக்கோல் போர், கூரை வீடு பக்கத்தில் இருந்தால் நெருப்பு வேண்டாம், விளக்கே வையுங்கள். நெருப்பு அணைகிற வரை ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. இதை ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் இல்லை. அந்துவுக்கு வரப்பும் தெரியாது, பட்டாவும் தெரியாது. நம் கொல்லையில் நெருப்பு வைத்தால், பக்கத்துக் கொல்லையில் பிறக்கிற புழு ஊர்ந்து நம்மிடம்தான் வரும். ஊர் முழுக்க ஒரே ராத்திரியில் செய்ய வேண்டும். ஊரைக் கூட்டி, நாள் குறித்து, வீட்டுக்கு ஒரு ஆள் என்று ஏற்பாடு செய்ய, எங்களுக்குத் தெரிந்து குழுக்களை விட நல்ல இடம் கிராமத்தில் வேறு இல்லை.

இதை நாங்கள் சும்மா சொல்லவில்லை. ஆந்திராவில் தெலங்கானாப் பக்கத்து வறண்ட ஊர்களில், 1980களின் கடைசியிலேயே தொண்டு நிறுவனங்கள் இதே கம்பளிப்பூச்சிக்கு எதிராக ஊர் கூடி நெருப்பு மூட்டுகிற வேலையை எடுத்தன. அங்கே அது ஆமணக்கைத் தின்றுகொண்டிருந்தது. அதில் கிடைத்த பாடம்தான் பிறகு மருந்தில்லா விவசாயமாக வளர்ந்தது. அன்றைய கம்மம் மாவட்டத்தில் புனுகுலா என்ற ஊர் பூச்சிமருந்தே இல்லாத ஊராகத் தன்னை அறிவித்தது. 2004க்குப் பிறகு ஆந்திர அரசின் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் இதை மாநிலம் முழுக்க எடுத்துச் சென்றபோது, நம்மைப் போன்ற மகளிர் குழுக் கூட்டமைப்புகள் வழியாகத்தான் எடுத்துச் சென்றது.

நெருப்பில் தப்பிய அந்து முட்டை வைக்கும். அடுத்த வேலை முதல் களையெடுப்பின்போது. களை வெட்டுகிற கை நம் கை. குனிந்துதான் இருக்கிறோம், இலையின் அடிப்பக்கம் கண்ணுக்கு நேராகவே இருக்கிறது. முட்டைக் குவியல் உள்ள இலையையும் வெளுத்த இலையையும் கிள்ளி ஒரு பையில் போட்டு வந்து, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடலாம். மல்லாட்டைக்கு இடையில் காராமணியும் துவரையும் ஊடுபயிராகப் போட்டிருந்தால் அந்து அதைத் தேடிப் போய் முட்டை வைக்கும், பொறுக்குவதும் சுலபம். நம் மாமியார்கள் மல்லாட்டையில் காராமணி போட்டது கறிக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

புழு பெருத்து ஊர ஆரம்பித்துவிட்டால், கொல்லையைச் சுற்றி ஒரு அடி ஆழத்துக்கு, பக்கம் செங்குத்தாக வாய்க்கால் வெட்டினால் அதில் விழுந்து ஏற முடியாமல் கிடக்கும். கையால் தொட வேண்டாம், மயிர் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். கோடை உழவு செய்கிற குடும்பங்கள் ஏரின் பின்னாலேயே வருகிற உண்ணிக்கொக்குகளைக் கவனித்திருப்பீர்கள். அவை பொறுக்குவது மண்ணில் தூங்குகிற இந்தக் கூட்டுப்புழுவையும்தான்.

இன்னொரு விஷயம். முருங்கை மரத்து அடியில் அப்பிக்கொண்டு இருக்கிற கம்பளிப்பூச்சி வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால், முருங்கையில் பார்த்ததும் "மல்லாட்டைக்கு வந்துடும்" என்று பயந்து மருந்து வாங்கியவர்கள் உண்டு. முருங்கைப் புழு முருங்கையோடு சரி.

வெட்டுப்புழு

இதைக் கடைகளில் 'புரோடீனியா' என்று சொல்வார்கள். புகையிலை வெட்டுப்புழு என்றும் பெயர். நிறை குறைந்த பாசன மல்லாட்டையிலும் மார்கழிப் பட்டத்திலும் இதன் தொல்லை அதிகம். மல்லாட்டை என்று இல்லை, மிளகாய், கத்தரி, ஆமணக்கு, பயறு எதையும் விடாது.

போன மழைக்காலத்தில் நாங்கள் போன ஒரு குழுவில், உறுப்பினர் ஒருவர் டிபன் டப்பாவில் இந்தப் புழுவைக் கொண்டுவந்து காட்டினார். உருண்டு திரண்டு, மயிரே இல்லாமல், பழுப்பும் பச்சையும் கலந்து, முதுகின் இரண்டு பக்கமும் கருப்புக் கருப்பாகப் புள்ளி வைத்திருந்தது. "பகல்ல தேடுனா ஒன்னும் இல்லீங்க, காலையில பார்த்தா இலையைக் காணோம். ரெண்டு டேங்க் அடிச்சாச்சு" என்றார். அவர் அடித்தது காலை பத்து மணிக்கு. இந்தப் புழு பகலில் செடி அடியில் மண் வெடிப்புக்குள் ஒளிந்துகொண்டு, பொழுது சாய்ந்த பிறகு மேலே ஏறித் தின்னும். மருந்து இலையில் பட்டது, புழு மண்ணில் படுத்திருந்தது. பணம் போனது அவருக்கு. அடித்த இரண்டு நாளும் கை எரிச்சலும் அவருக்கே.

இதன் தாய் அந்து பழுப்பு நிறம். முன் சிறகில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து, கோலத்தில் கை நடுங்கின மாதிரி ஓடும். பின் சிறகு வெள்ளை, ஓரத்தில் பழுப்பு. முட்டைக் குவியலைப் பார்த்தால் முட்டையே தெரியாது, மேலே பழுப்புப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். தாய் தன் உடம்பு மயிரால் மூடி வைக்கிறாள். கம்பளிப்பூச்சி முட்டைக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம்.

இதற்கு நெருப்பை விட ஆமணக்குச் செடி நல்ல வழி. வரப்பு ஓரத்தில் அங்கங்கே ஆமணக்கு ஊன்றி வைத்தால், அகல இலையைப் பார்த்து அந்து அதில் முட்டை வைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை போய் இலையைப் புரட்டிப் பார்த்துக் கிள்ளிப் போட வேண்டும். கிள்ளாமல் விட்டால் நாமே புழுப் பண்ணை வைத்த மாதிரி ஆகிவிடும். ஆமணக்கில் வில் போல வளைந்து நடக்கிற புழு இருந்தால் அது காவடிப்புழு, அதற்கு ஆமணக்குதான் பிடிக்கும். இனக்கவர்ச்சிப் பொறி என்று ஒன்று உண்டு. பெண் அந்துவின் வாசனையை வைத்து ஆண் அந்துவைப் பிடிக்கும் டப்பா. ஏக்கருக்கு ஐந்து வைப்பார்கள். பொறியில் அந்து விழ ஆரம்பித்ததும், கொல்லையில் முட்டை தேட வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு அது பிடிக்கிற கருவியை விடத் தகவல் சொல்கிற கருவியாகத்தான் படுகிறது.

குஞ்சுப் புழுவாக இருக்கும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் நன்றாக வேலை செய்யும். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 20 லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக ஆக்கி, 200 கிராம் காதி சோப்பு கரைத்து, சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். வேப்பங்கொட்டை ஆனி, ஆடியில் நம் மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது. அப்போதே பொறுக்கிக் காயவைத்து வைத்தால் ஒரு பைசா செலவில்லை.

கொல்லையில் சில புழுக்கள் செடியில் தலைகீழாகத் தொங்கி, கருத்து, தொட்டால் நீராக உடைகிற மாதிரி செத்துக் கிடக்கும். சில புழுக்களின் மேல் அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருக்கும். இரண்டையும் அப்படியே விடுங்கள். முதலாவது புழுவுக்கு வருகிற வைரஸ் நோய், நமக்கு ஒன்றும் செய்யாது. இரண்டாவது, புழுவைத் தின்கிற சின்னக் குளவியின் கூடு. நாம் அடிக்கிற மருந்து முதலில் கொல்வது இந்தக் குளவியைத்தான்.

மற்றவை

சுருள்பூச்சியின் அந்து மிகச் சின்னது, கொசுவை விடக் கொஞ்சம் பெரிது. கருத்த முன் சிறகில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். புழு இலைக்கு உள்ளேயே குடைந்து, பிறகு இலையை மடித்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். கொல்லை தூரத்திலிருந்து தீய்ந்த மாதிரி தெரிந்தால் மடிந்த இலையைப் பிரித்துப் பாருங்கள். மழை இல்லாமல் காய்கிற நாட்களில்தான் இது பெருகும். மக்காச்சோளம் போட்டவர்கள் 2018ல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்து மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கருப்புப் புள்ளி. அது வெட்டுப்புழுவுக்குச் சொந்தக்காரன், ஆனால் மல்லாட்டையை விட மக்காச்சோளமே அதற்கு உயிர்.

பாட்டிலில் வளர்த்துப் பாருங்கள்

என்ன புழு என்று சந்தேகம் வந்தால் எங்களுக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். அகல வாய் பாட்டிலில் நாலு விரல் ஈர மண் போட்டு, புழுவையும் அது தின்ற அதே செடியின் இலையையும் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். தினமும் இலை மாற்றுங்கள். வெட்டுப்புழு என்றால் மண்ணுக்குள் இறங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் பழுப்பு அந்துவாக வெளியே வரும். கம்பளிப்பூச்சியும் மண்ணுக்குள் இறங்கும், ஆனால் வராது. "செத்துப் போச்சு" என்று கொட்டிவிடாதீர்கள், அடுத்த பட்டத்து மழை வரை தூங்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மை விட ஆசையாகப் பார்த்துக்கொள்வார்கள்.

மருந்து அடித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், புழுவையோ பாட்டிலையோ எடுத்துக்கொண்டு வட்டார வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள். கீழ்நெல்லி வேளாண் அறிவியல் மையமும், டி.எம்.வி. மல்லாட்டை ரகங்கள் பிறந்த திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் நமக்கு எட்டாத தூரம் இல்லை. போனில் கேட்க 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மைய எண் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். பரணில் பழைய தூளோ டப்பாவோ இருந்தால் எடுத்து அடிக்க வேண்டாம். எண்டோசல்பானுக்கு 2011ல் தடை வந்தது. கம்பளிப்பூச்சிக்குத் தூவிய மீதைல் பாரத்தியானுக்கும், தவிட்டில் வெல்லத்தோடு கலந்து உருட்டி வைத்த கார்பாரிலுக்கும் 2018ல் தடை வந்துவிட்டது. பக்கத்தில் யாராவது மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மருந்து அடிக்கக் கூடாது. காற்றில் போய் இலையில் பட்ட மருந்தால் அந்தப் புழுவும் செத்துப்போகும். அதுவும் ஒரு பெண் கடன் வாங்கி வளர்க்கிற புழுதான்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் இதைப் படித்துக் காட்டிவிட்டு இவற்றைப் பேசுங்கள். நம் ஊரில் போன வருஷம் கம்பளிப்பூச்சி எந்தப் பக்கத்துக் கொல்லையில் முதலில் வந்தது? அந்த வரப்போரத்திலும் மரத்தடியிலும்தான் கூட்டுப்புழு தூங்குகிறது. பட்டத்து மழை பெய்த அன்று மற்ற குழுக்களுக்குச் செய்தி சொல்வது யார்? நெருப்பு மூட்ட எந்த எந்தக் கொல்லை, காவலுக்கு எந்த வீட்டு ஆள்? வேப்பங்கொட்டை பொறுக்குகிற பொறுப்பு யாருக்கு? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பாட்டிலில் அந்து வெளிவந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.